பின்வாசலைப் பெருக்குகிறவள் எழுதுகிறேன்: மொரீஷியசில் எங்கள் கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், குழுவில் இருக்கிற மற்ற எல்லாருக்கும்,

புரட்டாசிச் சனிக்கிழமை பூசை முடிந்து, நாங்கள் பெண்கள் சாப்பிட்ட வாழையிலைகளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நீங்கள் ஹாலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முடிவு எடுத்தீர்கள். அது எங்களுக்குத் தெரிய வந்தது மறுநாள் வாட்ஸ்அப்பில். கோயிலுக்குப் பின்னால் ராவீன் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிற, அஃபூஷ் என்கிற பெரிய அத்தி வகை மரத்தையும், அதற்குப் பக்கத்து பாதாம் மரத்தையும், சுவரோரத்து நாவலையும் தீபாவளிக்கு முன்னால் வெட்டிவிடுவது. அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு கார் நிறுத்துவது. வெட்டும் வரைக்கும் தினமும் சாயங்காலம் பெத்தார் வெடி கொளுத்தி வவ்வால்களை விரட்டுவது. காரணம் ஒரே வரிதான்: "வவ்வால் அசுத்தம், பக்தர்கள் புகார்."

எந்த பக்தர் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த அசுத்தத்தைப் பெருக்குகிறவள் நான்.

14 வருடமாக வெள்ளியும் ஞாயிறும் காலை 6 மணிக்குப் பின்வாசலைத் திறந்து, தண்ணீர் தெளித்து, பெருக்கிக் கோலம் போட்டுவிட்டுப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்திலேயே ஆரம்பித்தது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை ஈர்க்கு விளக்குமாறு தேய்ந்து போயிருக்கும் என்று கணக்கு வைக்கவில்லை. குழுவில் யாரும் அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்து எனக்கு நினைவில்லை, காரை எடுக்க வருவதைத் தவிர. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன்.

கூட்டத்தில் நாம் எல்லாரும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசிக்கொள்வோம், எனக்குத் தெரியும். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு என் மருமகள் வாய்விட்டுப் படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் நினைக்கிற மாதிரி அந்த மரத்தில் வவ்வால்கள் குடியிருக்கவில்லை. பகலில் போய் அண்ணாந்து பாருங்கள், ஒன்றுகூடத் தொங்காது. அவை தங்குவது தூரத்தில், மனிதர் நடமாட்டம் இல்லாத பள்ளத்தாக்குக் காட்டில். கோர் த கார்த் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரத்தில் கிளம்பி, ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து, எந்த மரம் பழுத்திருக்கிறதோ அங்கே இறங்கித் தின்றுவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுகின்றன. நம் மரம் அவற்றுக்கு வீடு அல்ல, சாப்பாட்டுக்கடை. வவ்வால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் நீயும் தொங்கு நானும் தொங்குகிறேன் என்று நம் பாட்டிகள் சொல்வார்களே, இங்கே விருந்தாளியே அதுதான். நம் வீட்டுக்குத்தான் வந்து தின்கிறது. தொங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

என்ன தின்கிறது என்பதை விளக்குமாற்றைப் பிடிக்கிறவளுக்குத் தெரியும். வருடம் முழுவதும் பெருக்கினால் அந்தத் தரை ஒரு பஞ்சாங்கம். காவடி முடிந்து சில வாரத்தில் நாவல் பழுக்கும், அப்போது சுவரெல்லாம் ஊதா. அதே சமயத்தில் யார் வீட்டிலிருந்தோ லோங்கான் கொட்டைகள் வந்து விழும், கறுப்பாக, பளபளவென்று, பிள்ளைகள் அதைப் பொறுக்கிக் கோலிக்குண்டு ஆடுவார்கள். லோங்கான் மரம் நம் கோயிலில் இல்லை, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பழத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து நம் மரத்தில் தொங்கி நிதானமாகத் தின்கிறது. குளிர் காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து கோயாவ் த ஷீன் (சீனக் கொய்யா) விதை, எச்சத்தோடு, சின்னச் சின்னதாக. ஆகஸ்ட் வாக்கில் பிபாஸ் கொட்டை. பாதாம் இலை சிவந்து உதிர்கிற பருவங்களில் பாதாம் கொட்டை. ஜாம்ரோசா, கொய்யா, மாம்பழத் தோல், பெயர் தெரியாத ஏதேதோ பூக்களின் மகரந்தத் தாள்கள். இடையில் ஒன்றுமே இல்லாத மாதங்களும் வரும். அப்போதும் அஃபூஷ் காய்த்துக்கொண்டிருக்கும்.

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியம். ஆல், அரசு, அத்தி வகை மரங்கள் மற்ற மரங்களைப் போல எல்லாம் சேர்ந்து ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒரு மரம் இந்த மாதம், இன்னொன்று அடுத்த மாதம், சில மரம் வருடத்தில் பல முறை. லெச்சியும் மாங்காயும் முடிந்து, நாவலும் முடிந்து, வயிறு காய்கிற காலத்தில் வவ்வாலுக்குச் சோறு போடுவது அதுதான். அந்த மரத்தை வெட்டினால் வவ்வால் பட்டினி கிடந்து போய்விடும் என்று நினைக்கிறீர்களா? அது பறக்கத் தெரிந்த பிராணி. நேரே தலைவர் வீட்டு லெச்சி மரத்துக்குத்தான் வரும்.

ஒருநாள் காலை பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய வெள்ளை வேட்டியை மரத்தடியில் முந்தின சாயங்காலமே விரித்து வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் வேட்டி முழுக்கப் புள்ளி. அதில் பாதி எச்சம் அல்ல, சக்கை. வவ்வால் பழத்தை அப்படியே விழுங்குவதில்லை. வாயில் போட்டு நாக்கால் மேலண்ணத்தில் வைத்து நசுக்கி, சாற்றைக் குடித்துவிட்டு, நாரை உருட்டித் துப்பிவிடுகிறது. கரும்பு ஆலை செய்கிற வேலைதான், சாறு உள்ளே, சக்கை வெளியே. நம் தாத்தாக்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த வேலை. அந்தச் சக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், காய்ந்தால் எடையே இருக்காது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் குழிந்திருக்கும், மறுபக்கத்தில் வரிவரியாக மேடு பள்ளம். அது அதன் அண்ணத்தின் அச்சு. மாவில் அச்சு முறுக்கு பிழிந்த மாதிரி அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கும். ஒரு பையன் அதை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், மாம்பழ வாசனை வருகிறது" என்றான். வந்தது.

எச்சத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டினோம் (கையுறை போட்டுக்கொண்டுதான், பயப்படாதீர்கள்). கசகசாவைவிடப் பொடியான விதைகள். அஃபூஷ் விதை. அதைப் பாசி பிடித்த ஒரு கருங்கல் ஓட்டையில் ஈரமாக வைத்திருந்தோம். சில வாரத்தில் இரண்டு இலை விட்டது. இப்போது உங்களிடம் ஒரு கேள்வி: கோயிலுக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பெரிய மரத்தை யார் நட்டது? கோயில் கட்டினவர்கள் நட்டார்கள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ராவீன் கரைக்கல்லைக் கவ்விக்கொண்டு வேர் இறங்கியிருக்கிற அழகைப் பார்த்தாலே தெரியும், அது மேலிருந்து விழுந்து முளைத்தது. நட்டவனையே விரட்டத்தான் பெத்தார் வாங்கப் போகிறீர்கள்.

அதே விதை கோபுரத்திலும் முளைக்கிறது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், அது உண்மையான தொல்லை. கோபுரத்துப் பொம்மைகளுக்கு இடையில், வாத்தியக்காரர் சிலையின் தோளில், போன வருடம் ஒரு செடி முழங்கை உயரம் வளர்ந்துவிட்டது. வேர் சிமெண்டைப் பிளந்துவிடும். ஆனால் அது முழங்கை உயரம் வளர்கிற வரைக்கும் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? வருடத்தில் இரண்டு முறை ஏணி போட்டு ஏறி, இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கினால் விரலால் வந்துவிடும். அதற்கு ஆள் கூலி, மூன்று மரம் வெட்ட நீங்கள் வாங்கியிருக்கிற கொட்டேஷனில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. இன்னொன்று, பின்பக்கத்து மரத்தை வெட்டினாலும் கோபுரத்தில் செடி முளைப்பது நிற்காது. விதை வருவது வவ்வாலின் வயிற்றில், மரம் எங்கே இருந்தாலும். கொண்டைக்குருவியும் போடுகிறது. அந்தக் குருவியை இங்கே கிரியோலில் கோந்தே என்கிறார்கள், நம் கொண்டையிலிருந்து போனதோ என்னவோ. 1892இல் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து விட்ட குருவி அது, மிளகாய்ச் செடியிலிருந்து பப்பாளி வரைக்கும் கொத்தித் தீர்க்கிறது. அதன் மேல் யாரும் தீர்மானம் போட்டதில்லை.

லெச்சி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புகாரின் அடியில் இருப்பது அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவர் அண்ணே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு லெச்சி மரம், என் மாமனார் வைத்தது. டிசம்பரில் அது சிவந்தால் தெருவே நின்று பார்க்கும். ஒரு வருடம் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், மூன்று ராத்திரியில் மேல் பாதி முழுக்கப் போய்விட்டது. காலையில் முற்றத்தில் வெறும் தோலும் கொட்டையும். என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தொங்கவிட்டு, படுக்கையிலிருந்தே கயிற்றை இழுத்து இழுத்து அடித்தார். முதல் இரவு பறந்து போயின. இரண்டாம் இரவு எழுந்து அடுத்த கிளைக்கு மாறின. மூன்றாம் இரவு வவ்வால்கள் நிம்மதியாகச் சாப்பிட்டன, தெருவில் நாங்கள்தான் தூங்கவில்லை. உங்கள் பெத்தாருக்கும் அதே கதிதான். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கிழவிகள் இருக்கிறார்கள், நாய்கள் இருக்கின்றன, அவர்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

அப்புறம் வலை வாங்கினோம். அங்கேயும் ஒரு தப்பு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். மலிவு வலையைச் சேலை போர்த்துகிற மாதிரி மரத்தின் மேல் தொளதொளவென்று போட்டுவிட்டோம். ஒரு காலை பார்த்தால் ஒரு பெட்டை வவ்வால் சிக்கி, சிறகைக் கிழித்துக்கொண்டு செத்துக் கிடந்தது. நெஞ்சில் குட்டி, உயிரோடு, தாயின் முலையைக் கவ்வியபடி. ஒரு பெட்டை வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதுவும் சரியாக லெச்சி காய்க்கிற காலத்தை ஒட்டித்தான். அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. அவர் சின்ன வயதில் சோவ்சூரிக் கறி, அதாவது வவ்வால் கறி, தின்றவர், அவர் அம்மா மசாலா அரைத்து வைப்பாராம், நல்லெண்ணம் உள்ள மனிதர் என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் குட்டி அரை நாள் இருந்தது.

அடுத்த வருடம் இரும்புக் குழாயில் சட்டம் கட்டி, மரத்தை உயரம் குறைத்து வெட்டி, வலையை மேளத் தோல் மாதிரி இழுத்துக் கட்டினோம். ஓட்டை சிறிதான வெள்ளை வலை. வவ்வால் வந்து மோதி, வழுக்கி, போய்விடும். வலைக்குள் விட்ட பழத்தை நாங்கள் தின்றோம், வலைக்கு மேலே எட்டாத நுனிக்கிளையை அதற்கு விட்டோம். ஏணி எட்டாத அந்தப் பழத்தை எப்படியும் நாங்கள் பறித்ததில்லை. அரசாங்கம் இந்த வலைக்கு மானியமே கொடுத்திருக்கிறது. குழுவில் எத்தனை பேர் விண்ணப்பம் போட்டீர்கள்?

கொன்று பார்த்தாகிவிட்டது என்பதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2015இல் புதுச் சட்டம் வந்து, அந்த வருடமே 30,000க்கு மேல் வவ்வால்களைச் சுட்டார்கள். அடுத்த வருடம் இன்னும் 7,000க்கு மேல். 2018இல் 65,000 இருப்பதாக மதிப்பிட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொல்ல முடிவெடுத்தார்கள். அதே 2018இல்தான் இந்த வவ்வாலை உலகப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில்' என்கிற நிலைக்கு ஏற்றினார்கள். லெச்சி விளைச்சல் கூடியதா? கூடவில்லை, பழத் தோட்டக்காரர்களின் வருமானம் ஏறவில்லை என்று நம் தீவின் ஆய்வாளர்களே கணக்குப் போட்டு எழுதினார்கள். சந்தையில் லெச்சி விலை குறைந்ததாக எனக்கும் நினைவில்லை. அரசாங்கம் துப்பாக்கி வைத்துச் சாதிக்காததை நாம் மூன்று மரத்தை வெட்டிச் சாதிக்கப் போகிறோமாம்.

கூட்டத்தில் ஒருவர் நிப்பா என்றாராம், இன்னொருவர் கொரோனா என்றாராம். பயம் நியாயம்தான். நிப்பா மலேசியாவிலும் வங்கதேசத்திலும் கேரளத்திலும் ஆளைக் கொன்றிருக்கிறது. மொரீஷியசில் மனிதருக்கு அது வந்ததாகப் பதிவு கிடையாது. இருந்தாலும் வவ்வால் கடித்த பழத்தைப் பிள்ளைகளைத் தின்ன விடக்கூடாது, கீழே விழுந்த வவ்வாலை வெறுங்கையால் தொடக்கூடாது, காய்ந்த எச்சத்தை அப்படியே புழுதி பறக்கப் பெருக்கக்கூடாது, நனைத்துவிட்டுப் பெருக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன், முகமூடியும் என் காசில்தான். பின்பக்கம் ஒரு குழாயும் சோப்பும் வைக்கச் சொல்லி எத்தனை முறை கேட்டிருக்கிறேன். நோய்க்குப் பயந்து மரம் வெட்டப் பணம் இருக்கிறது, சோப்பு வாங்கப் பணம் இல்லை.

இவை ஏன் ஊருக்குள் வருகின்றன என்று யாராவது யோசித்தீர்களா? இந்தத் தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மிஞ்சிய காட்டுக்குள்ளும் கோயாவ் த ஷீனும் வெளியிலிருந்து வந்த புதர்களும் ஏறி, உள்ளே நிற்கிற கருங்காலி, மக்காக் மாதிரியான மண்ணின் மரங்களை நெருக்குகின்றன, நெருக்கப்பட்ட மரம் ஒழுங்காகக் காய்ப்பதில்லை. அந்தப் புதர்களைக் களைந்த இடத்தில் மரங்கள் அதிகம் காய்க்கின்றன, வவ்வாலும் அங்கே அதிகம் தின்ன வருகிறது என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டில் சோறு இருந்தால் யார் ஊர் சுற்றுவார்? டோடோ போனது. ராட்சத ஆமை போனது. இதைவிடச் சின்னதாக இன்னொரு பழந்தின்னி வவ்வால் இங்கே இருந்தது, 19ஆம் நூற்றாண்டோடு அதுவும் போனது. பெரிய விதையைத் தூக்கிக்கொண்டு தூரம் போய்ப் போடக்கூடிய பிராணி என்று இந்தத் தீவில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். உலகத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடினால், ரெயூனியனில் ஒரு சில, அவ்வளவுதான்.

அஃபூஷும் அப்படித்தான். அதை நீங்கள் காட்டுமரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் முன்னோர் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிற மரம் அது. லெச்சியும் மாமரமும் பாதாமும் நாமும்தான் வந்தவர்கள்.

தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஆலமரத்து வவ்வால்கள் மிரளக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். நாம் வெடி வாங்கித் தீர்மானம் போடுகிறோம், அதுவும் முட்டைகூடத் தொடாத புரட்டாசியில். ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிப் போன சாமியைத்தானே உள்ளே வைத்துக் கும்பிடுகிறோம். பழத்துக்கு ஆசைப்படுகிறவன் மேல் அவருக்குக் கோபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாம் ஒன்றும் வாயில்லாத சமூகம் அல்ல. 1998இல் இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை ஒரு வரி கீழே இறக்கினார்கள் என்று எழுந்து நின்று, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள். அன்று தெருவுக்கு வந்தவர்களில் உங்களில் மூன்று பேராவது இருந்தீர்கள், நானும் இருந்தேன். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எப்படி முடிவெடுத்தீர்கள் என்று அன்று கேட்டோமே, அதே கேள்விதான் இது.

இன்னொரு விஷயமும் உண்டு, இதைச் செயலாளர் தம்பி கவனமாகப் படிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் ஆற்றின் கரையிலிருந்து 16 மீட்டர், சிற்றாறு என்றால் 8 மீட்டர், ஓடை என்றால் 3 மீட்டர், ஒதுக்கு நிலம். அதற்குள் நிற்கிற மரத்தை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அஃபூஷின் அடிமரத்திலிருந்து ராவீன் விளிம்பு வரைக்கும் என் காலடியில் நான்கு அடி. கோயில் பெயரில் அபராதம் வந்தால் உண்டியலிலிருந்துதானே கட்டுவீர்கள்?

இனி நான் கேட்பது.

மரம் வெட்டுகிறவருக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், முடியாவிட்டால் வேலையையாவது நிறுத்தி வையுங்கள். தீபாவளிக்கு முன்னால் பொதுக்கூட்டம் ஒன்று கூட்டுங்கள், கதவைத் திறந்துவைத்து. சமைக்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், பின்தெருவில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் உட்காரட்டும், கிறிஸ்தவர் முஸ்லிம் யாராக இருந்தாலும் சரி, அவர்கள் தூக்கமும் இதில் இருக்கிறது. அந்த ராவீன் எந்த வகையில் வருகிறது, எத்தனை மீட்டர் ஒதுக்கு என்று வனத்துறைக்கு எழுதிக் கேட்டு, பதில் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

பெத்தார் வேண்டாம். குட்டிபோடும் மாதங்களில் மட்டும் அல்ல, எப்போதுமே வேண்டாம்.

கார்களின் மேல் விழுகிறது என்றால் காரை முன்பக்கம் நிறுத்துங்கள், முன்பக்கம் ஒரு வேம்பு இருக்கிறது, நிழலும் உண்டு. செருப்பு விடுகிற இடத்துக்கு மேல் ஒரு தகரக் கூரை போடுங்கள், சிமெண்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் அது முடிந்து மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் குழாய், சோப்பு, இரண்டு ஜோடி கையுறை. கோபுரச் செடி பிடுங்க வருடத்துக்கு இரண்டு நாள் ஆள் வையுங்கள், தேதியை நாட்காட்டியில் எழுதிவிடுங்கள், ஆடி வெள்ளி மாதிரி.

லெச்சி மரம் வைத்திருக்கிற குழு உறுப்பினர்கள் வலைக்கு விண்ணப்பம் போடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு என் மருமகள் நிரப்பித் தருவாள். சட்டம் எப்படிக் கட்டுவது என்று என் வீட்டில் வந்து பார்க்கலாம், குழாய்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. தொளதொளவென்று மட்டும் போடாதீர்கள்.

இந்தக் கடிதத்துக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்ப வேண்டாம். எழுத்தில், கையெழுத்தோடு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அன்று காலை 6 மணிக்கு நான் பின்வாசலில் இருப்பேன். முந்தின இரவு வேட்டியை விரித்து வைக்கிறேன், குழுவில் ஒருவராவது வந்து அதில் என்ன விழுந்திருக்கிறது என்று என்னோடு உட்கார்ந்து பொறுக்கிப் பாருங்கள். கையுறை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பின்வாசல் பெருக்குகிறவள்